கல் வைக்க ஆர் மிஞ்சினது?

எங்கட கூட்டத்தில் ஒருவர் இப்ப சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். ஞாயிறு லீவில் ஊர் சுற்றிப் படம் எடுத்து எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். பெரும்பாலும் உயரக் கட்டடம், சாப்பாடு, கடற்கரை. ஒருமுறை வந்த படங்கள் வேறு மாதிரி இருந்தன. நல்ல பச்சைப் புல்வெளி, பக்கத்தில் செங்கல் மதில், மதிலுக்குள் வரிசையாகப் பதித்த கல்லறைக் கற்கள். "சேமக்காலையைக் கழட்டி மதிலில ஒட்டி வச்சிருக்கிறாங்கள்" எண்டு கீழே எழுதியிருந்தார். இடம் போர்ட் கனிங் எண்ட மேடு. அந்த மேட்டுக்குக் கீழே கோல்மன் வீதி எண்டு ஒரு வீதியும், கோல்மன் பாலம் எண்டு ஒரு பாலமும் இருக்காம். அந்தப் பெயருக்குரிய மனிதரைத் தாட்டதும் அந்த மேட்டிலதானாம்.

ஆர் இந்தக் கோல்மன் எண்டு நாங்கள் தேடத் தொடங்கினது அப்பிடித்தான். ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு ஒரு அயர்லாந்துக்காரரின் கல்லறையைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன வந்தது எண்டு நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. அவருடைய கதைக்குள்ள எங்கட ஆக்களும் நிற்கினம்.

*

ஜோர்ஜ் ட்ரம்கூல் கோல்மன் 1795இல் அயர்லாந்தின் ட்ரோஹெடா எண்ட ஊரில் பிறந்தவர். படித்தது கட்டடக் கலை. 1815இல், இருபது வயதளவில், கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே வியாபாரிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். பிறகு 1822இல் சிங்கப்பூர். அப்போது சிங்கப்பூர் பிரித்தானியரின் கைக்கு வந்து மூன்று வருடம்தான். சதுப்பு நிலமும் ஆற்றங்கரையும் காடும். ராஃபிள்ஸ் தனக்கு மேட்டின் மேல் ஒரு வீடு வேணும் எண்டார். பலகையும் ஓலையுமாக அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவர் கோல்மன். எந்த மேட்டில் முதல் வீட்டுக்கு வரைபடம் போட்டாரோ, இருபத்திரண்டு வருடம் கழித்து அதே மேட்டின் சரிவில் அவரைத் தாட்டார்கள்.

இடையில் ஜாவாவுக்குப் போய்விட்டு 1826இல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய காலம். 1827இல் மக்ஸ்வெல் எண்ட வியாபாரிக்கு ஆற்றங்கரையில் ஒரு மாளிகை கட்டினார். அந்த வியாபாரி அதில் குடியிருக்கவே இல்லை, அரசாங்கம் வாடகைக்கு எடுத்து நீதிமன்றமாக்கியது. பிற்காலத்தில் அதுவே சிங்கப்பூரின் நாடாளுமன்றமாக 1999 வரை இருந்தது. 1835இல் ஆர்மேனியர்களுக்கு ஒரு தேவாலயம். சிங்கப்பூரில் இன்றும் நிற்கிற தேவாலயங்களில் அதுதான் ஆகப் பழையது. அவர் கட்டின வீடுகளின் படங்களைப் பார்த்தால் எங்களுக்கு அந்நியமாகத் தெரியாது. உயர்ந்த கூரை, காற்று வர அடுக்குச் சட்டம் வைத்த யன்னல், வெயிலும் மழையும் சுவரில் படாமல் முன்னுக்கு நீண்ட அகல விறாந்தை. ஐரோப்பியத் தூண்களை வெக்கை நாட்டுக்குப் பொருத்தி எடுத்த வேலை அது. எங்கட பழைய கல்வீடுகளின் விறாந்தையில் இருந்து பழகின ஆருக்கும் அந்த நிழல் விளங்கும்.

1833இல் அவரைப் பொதுவேலைகளுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். அந்தப் பதவியோடு சேர்ந்து இன்னொரு பொறுப்பும் வந்தது. நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளை வேலை வாங்குவது.

*

இந்த இடத்தில்தான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அந்தக் கைதிகள் இந்தியாவில் இருந்து வந்தவர்கள். முதலில் சுமாத்திராவில் இருந்த பென்கூலனுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த இடத்தை ஒல்லாந்தரிடம் கொடுக்க நேர்ந்தபோது, 1825இல், அவர்களைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். முதல் தொகுதியில் வந்தவர்கள் மெட்ராஸ் மாகாணத்துக் கைதிகள். பிறகு வங்காளத்தில் இருந்தும் பம்பாயில் இருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். 1873 வரை இந்த ஏற்பாடு நடந்தது. சதுப்பைத் தூர்த்தவர்கள் அவர்கள். காட்டை வெட்டினவர்கள் அவர்கள். இன்றைக்கும் சிங்கப்பூரின் பெரிய தெருக்களான வட பால வீதியும் தென் பால வீதியும் 1830களில் அவர்கள் கையால் போட்டவை.

1835இல் கோல்மன் ஒருநாள் காட்டுக்குள் வீதி அளக்கப் போயிருக்கிறார். கூட அவருடைய கைதித் தொழிலாளர்கள். திடீரெண்டு புலி ஒன்று பாய்ந்து, முக்காலியில் நின்ற அளவைக் கருவியின் மேல் விழுந்திருக்கிறது. கருவிதான் உடைந்தது, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. 1865 வாக்கில் லொய்ட்டமான் எண்ட ஜெர்மன் ஓவியர் இந்தக் காட்சியை வரைந்தார். அந்தப் படம் இப்போது சிங்கப்பூரில் பிரபலம். அதில் நடுவில் புலி, பக்கத்தில் தடுமாறும் கோல்மன், சுற்றிவர விழுந்தும் எழும்பியும் ஓடுகிற தொழிலாளர்கள். நாங்கள் தேடிப் பார்த்தவரையில் இந்தக் கதையைச் சொல்லுகிற எல்லாரும் கோல்மனின் பெயரைச் சொல்கிறார்கள். கருவியின் பெயரைக்கூடச் சொல்கிறார்கள். ஓடினவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேணும். கோல்மன் வரைந்த புனித அந்திரேயர் தேவாலயம் 1830களில் எழும்பியது. இரண்டு தரம் இடி விழுந்து, 1855இல் இடித்துவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் நிற்கிற வெள்ளைத் தேவாலயம் கைதிகள் கட்டினது. அந்த வெள்ளைக்குக் காரணம் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சீனி, தேங்காய்ப் பொச்சு ஊறின தண்ணி, எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, காய்ந்தபிறகு கல்லால் தேய்த்து மினுக்குவது. அந்தக் கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மக்நெயர் எண்ட அதிகாரி 1899இல் எழுதின புத்தகத்தில் இந்தப் பக்குவம் கிடக்கிறது. பக்குவம் எழுதப்பட்டிருக்கு. பக்குவம் தெரிந்தவனின் பெயர் எழுதப்படவில்லை.

*

இனி அந்தக் கல்லறைக்கு வருவோம்.

கோல்மன் பதினைந்து வருடம் விடாமல் வேலை செய்துவிட்டு 1841இல் ஊருக்குப் போனார். அதற்கு முதலே அவருக்குத் தகோயா மானுக் எண்ட பெண்ணோடு ஒரு மகள் இருந்தாள், மேடா எலிசபெத். கலியாணம் எண்டு ஒன்று நடக்கவில்லை. அயர்லாந்துக்குப் போனவர் 1842இல் மரியா பிரான்சிஸ் வெர்னன் எண்ட பெண்ணை முடித்தார். ஊரில் இருப்புக் கொள்ளவில்லைப் போல. 1843 கடைசியில் மனைவியோடு சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தார். டிசம்பரில் ஒரு மகன் பிறந்தான். 1844 மார்ச் 27இல் காய்ச்சலில் கோல்மன் செத்துப்போனார். பிள்ளைக்கு மூன்று மாதம். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து ஏழு வருடம். சிங்கப்பூர் ஒரு பெரிய துறைமுகமாக எழும்பினது இனித்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மரியா அதே வருடம் வில்லியம் நேப்பியர் எண்ட சட்டத்தரணியை மறுமணம் செய்தார். அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஜேம்ஸ் புரூக் நேப்பியர். சரவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்திருந்தார்கள். 1848இல் அந்தக் குழந்தை கடல் பயணத்தில் செத்தது. அதுக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்பினார்கள். எங்கே? கோல்மனைத் தாட்ட அதே மேட்டில்.

போர்ட் கனிங் புல்வெளியில் இன்று ஆகப் பெரிய நினைவுக் கட்டடம் அந்தக் குழந்தையுடையது. ஒரு நகரத்தின் தெருக்களைப் போட்ட, பாலம் கட்டின, கோயில் கட்டின மனிதருக்கு இருப்பதைவிடப் பெரிய கட்டடம், உலகத்தில் சில மாதங்கள்கூடச் சரியாக வாழாத ஒரு பிள்ளைக்கு. முதலில் இது எங்களுக்கு விசர்த்தனமாகத் தெரிந்தது. பிறகு யோசித்துப் பார்க்கத்தான் விளங்கினது. பிள்ளை செத்தபோது தாய் இருந்தாள், தகப்பன் இருந்தான், தகப்பனிடம் காசும் பதவியும் இருந்தன. கோல்மன் செத்தபோது இருந்தது, சிங்கப்பூருக்கு வந்து நாலு மாதமான ஒரு இளம் பெண்ணும் கைக்குழந்தையும்.

செத்தவர் எவ்வளவு பெரிய ஆள் எண்டதைக் கல்லறை சொல்லாது. செத்தவருக்குப் பின்னால் ஆர் மிஞ்சினது எண்டதைத்தான் சொல்லும்.

அந்தச் சேமக்காலை 1865இல் மூடப்பட்டது. ஏறத்தாழ அறுநூறு பேர் தாட்ட இடம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கிறிஸ்தவரான சீனர்கள். 1970களில் அதைப் பூங்காவாக்கினபோது கற்களைப் பிடுங்கி மதிலில் பதித்தார்கள். எங்கட நண்பர் படத்தில் அனுப்பினது அந்த மதில்தான். கல் ஒரு பக்கம், ஆள் இன்னொரு பக்கம். கோல்மன் கட்டின ஆர்மேனியத் தேவாலயத்து வளவிலும் இதே மாதிரி வேறு இடங்களில் இருந்து கொண்டுவந்து வைத்த கற்கள் இருக்கின்றன, கீழே ஒருவரும் இல்லாமல். அவர் குடியிருந்த வீடும் 1965இல் இடிபட்டுப்போச்சு. ஆனாலும் கோல்மனுக்கு ஒரு தெரு இருக்கு, பாலம் இருக்கு. கல் போனாலும் பெயர் நிற்கும்.

தெருவைப் போட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லாததால் அந்தச் சேமக்காலையில் இடமும் இல்லை. விடுதலையான பிறகு அங்கேயே குடும்பமாகி, அந்த ஊர்ச் சனத்தோடு கலந்துபோனவர்கள் இருக்கினம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே அது தெரியுமோ தெரியாது.

*

இப்ப வன்னிக்கு வருவோம். இதே காரியத்தை இங்கே செய்த ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஜே. பி. லூயிஸ். வன்னியைப் பற்றி 1895இல் ஒரு கைநூல் எழுதினவர். எங்கட குளங்கள், காடுகள், ஊர்கள் பற்றித் தேடுகிற எல்லாரும் கடைசியில் அந்தப் புத்தகத்தில்தான் போய் நிற்பது. அதே லூயிஸ் 1913இல் இன்னொரு புத்தகம் போட்டார். இலங்கை முழுக்க இருக்கிற கல்லறைக் கற்களிலும் நினைவுச் சின்னங்களிலும் என்ன எழுதியிருக்கு எண்ட பட்டியல். அந்தப் புத்தகத்தின் நீண்ட தலைப்பின் கடைசிப் பகுதி எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. நினைவுக்கல் இல்லாதவர்களின் மரணக் குறிப்புகளும் சேர்ந்தது எண்டு அதில் போட்டிருக்கு.

கல் உள்ளவர்களை மட்டும் எழுதினால் காணாது, கல் இல்லாமல் போனவர்களையும் எழுதவேணும் எண்டு நூறு வருடத்துக்கு முதல் ஒரு அதிகாரிக்குத் தோன்றியிருக்கு. நல்ல விசயம். ஆனால் அவர் அப்படி நினைத்து எழுதினது பெரும்பாலும் தன்னுடைய ஆக்களைப் பற்றி. இங்கே வந்து செத்த அதிகாரிகள், படைக்காரர், தோட்டக்காரர். அவருடைய காலத்தில் குளக்கட்டில் மண் சுமந்து காய்ச்சலில் செத்த சனத்துக்கு அந்த இரண்டாவது பட்டியலிலும் இடம் கிடைக்கவில்லை.

எங்களுக்குக் கிட்டவே ஒரு உதாரணம் இருக்கு. கற்சிலைமடுவில் வைக்கப்பட்ட கல். 1803 ஒக்ரோபர் 31 அன்று இந்த இடத்துக்குக் கிட்ட கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் எண்டது அதில் வெட்டப்பட்ட வாசகம். சின்ன வயதில் இருந்து இந்தக் கல்லைப் பற்றிக் கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். வெண்டவன் வைத்த கல்லைச் சனம் தோற்றவனுக்காக நினைவில் வைத்துக்கொண்டது எங்கட ஊரின் கெட்டித்தனம். ஆனால் அந்தக் கல்லிலும் இரண்டு பெயர்தான். அண்டைக்கு அந்தக் காட்டுக்குள் செத்த மற்ற ஆக்கள் ஆர்? கல்லைப் பொழிஞ்சு எழுத்து வெட்டினவன் ஆர்?

*

எங்கட ஊருக்குக் கட்டுமானம் புதிது இல்லை. இங்கே ஒரு ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. ஒட்டுசுட்டான் ஓடு எண்டால் ஒருகாலத்தில் தனி மதிப்பு. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது, ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் எண்டு, கட்டங்கட்டமாகக் காசு வந்தது. அந்த வருடங்களில் வன்னியில் மேசன் கிடைப்பது கோயில் ஐயர் கிடைப்பதை விடக் கஷ்டம். அத்தனை வீடு எழும்பினது. பொதுக் கட்டடங்களும் எழும்பின. ஒவ்வொன்றின் வாசலிலும் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து: இன்னார் திறந்து வைத்தார், இன்னார் முன்னிலை வகித்தார். அரை மணித்தியாலம் வந்து ரிபன் வெட்டினவரின் பெயர் நிற்கிறது. ஆறு மாதம் வெயிலில் நின்றவரின் பெயர் இல்லை.

இதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரு வயதான மேசன் ஐயாவோடு போய்க் கதைத்தோம். கோல்மனின் கதையையும் சுண்ணாம்புப் பூச்சுப் பக்குவத்தையும் சொன்னோம். முட்டை வெள்ளைக்கருவைக் கேட்டதும் சிரித்தார். தன்னுடைய தகப்பன் கோயில் மதிலுக்குப் பனங்கட்டித் தண்ணி விட்டுக் குழைத்தவராம்.

"நான் கட்டின வீடு எத்தினை எண்டு எனக்கே கணக்கில்லைப் பிள்ளையள். இடம்பெயர்ந்து போன போன இடமெல்லாம் கட்டினன். பாதி வீடு இப்ப இல்லை. சில வீடு இருக்கு, ஆக்கள் இல்லை."

உங்கட பெயரையும் ஒரு கல்லில் வெட்டியிருக்க வேணும் ஐயா எண்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கல்லில பேர் வெட்டுறதெண்டா அதுக்கு ஒரு ஆள் பின்னால நிக்கோணும். எனக்கு நிண்ட ரெண்டும் இப்ப இல்லை."

அவருடைய இரண்டு பெடியளும் 2009இல் இல்லாமல் போனவர்கள். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

*

எங்கட சனத்தில் கனபேர் எரிக்கிறவை. கல்லறை எண்டு ஒன்றில்லை. அந்தியேட்டி முடிந்தால், பிறகு வருடா வருடம் ஆட்டைத் திவசம். அதில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவேணும். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கல்தான், வாயால் வைக்கிற கல். அதுக்கும் சொல்ல ஒரு ஆள் மிஞ்சவேணும்.

வன்னியில் சொல்ல ஆளில்லாத குடும்பங்கள் இருக்கின்றன. சொல்ல ஆள் இருந்தும் சொல்ல மறுக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளைக்கு எந்தத் திதியில் திவசம் செய்வது எண்டு கேட்கிற தாய்மார் 2017 தொடக்கம் தெருவோரத்துக் கொட்டிலில் படத்தோடு இருக்கினம். கல் வைப்பது அவர்களுக்குத் தோற்றுப்போவது. இன்னொரு பக்கம், பெயர் வெட்டி வரிசையாகக் கல் வைத்திருந்த துயிலுமில்லங்களை போர் முடிந்த கையோடு இடித்தார்கள். சிங்கப்பூரில் கல்லைப் பிடுங்கினவர்கள் குறைந்தது மதிலில் பதித்து வைத்தார்கள். இங்கே உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் குவித்துத்தான் தாய்மார் விளக்கு வைக்கினம்.

இதையெல்லாம் ஒரு அயர்லாந்துக் கட்டடக் கலைஞரோடு முடிச்சுப் போடுவது சரியோ எண்டு எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. எங்களில் ஒருத்தி சொன்னாள், கோல்மன் பாவம், அவருக்கும் சொந்தமாகக் கல்லுக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லைத்தானே எண்டு. உண்மைதான். அவரைக் காப்பாற்றினது பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லை. இரத்த உறவே இல்லாத ஆக்கள் அவருடைய பெயரை ஒரு தெருவில் எழுதி, வரைபடத்தில் எழுதி, புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார்கள். அதனால்தான் இருநூறு வருடம் கழித்து ஒட்டுசுட்டானில் இருக்கிற எங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கு.

அப்பிடியெண்டால் சொந்தம் இல்லாத ஆளும் ஒரு பெயரைச் சுமக்கலாம்.

நாங்கள் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறோம். எங்கட பிரதேசத்தில் வீடு, பள்ளிக்கூடம், கோயில், கிணறு, மதகு கட்டின மேசன், தச்சர், கூலியாட்களின் பெயரை எழுதுகிறோம். பெயர், ஊர், என்ன கட்டினவர், எந்த வருடம், இப்ப அந்தக் கட்டடம் இருக்கோ. இருக்கிறவர்களிடம் கேட்டு அவர்களின் சம்மதத்தோடு, இல்லாதவர்களுக்கு அயலவரிடம் கேட்டு. லூயிஸ் தன்னுடைய ஆக்களுக்குச் செய்ததை நாங்கள் எங்கட ஆக்களுக்குச் செய்கிறோம். முதல் பக்கத்தில் மேசன் ஐயாவின் பெயர். அவர் கேட்டுக்கொண்டபடி, அதுக்குக் கீழே அவருடைய இரண்டு பெடியளின் பெயர். அவர்கள் ஒன்றும் கட்டினவர்கள் இல்லை. மூத்தவன் மட்டும் தகப்பனுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவனாம். அதையும் எழுதினோம்.

நீங்கள் குடியிருக்கிற வீட்டைக் கட்டினது ஆர் எண்டு இண்டைக்கு வீட்டில் கேளுங்கோ. தெரிந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. கொப்பியில் இன்னும் நூற்றுச்சொச்சம் பக்கம் கிடக்கு.